நான்காவது நிபந்தனை

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற சொல்லை நம்மில் பலர் படித்திருப்போம். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைப் பணத்திற்கு விற்றார்கள். மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார். சமயச் சீர்திருத்தம் பிறந்தது. இவ்வளவோடு பாடம் முடிந்துவிடும். அந்தச் சீட்டு உண்மையில் எதைக் குறித்தது, விற்பனை ஒழிந்தபின் அது என்னவாயிற்று என்பதை அந்தப் பாடம் நமக்குச் சொல்வதில்லை.

அது மறைந்துவிடவில்லை. காசு அதனை விட்டு நீங்கியது. பிரார்த்தனையும் தவமும் தர்மமும் நிலைத்தன. கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் அது உயிருள்ள சாதனையாக விளங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைப் 'பேறுபலன்' என்கிறார்கள். முழுமையாகக் கிடைப்பதைப் 'பரிபூரண பலன்' என்பது பழைய வழக்கு. லத்தீன் மூலச்சொல்லுக்குப் பரிவு, தளர்த்திக் கொடுத்தல் என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் வரியையோ தண்டனையையோ தள்ளுபடி செய்வதற்கு அச்சொல் வழங்கியது. ஆகவே 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற நம் பாடநூல் மொழிபெயர்ப்பில் 'சீட்டு' மட்டுமன்றி 'பாவமன்னிப்பு' என்பதும் பொருந்தாது. பேறுபலன் பாவத்தை மன்னிப்பதில்லை. பாவம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவருக்கே அது கிடைக்கும்.

மன்னிக்கப்பட்ட பிறகு இன்னும் என்ன மிச்சம் என்று கேட்கலாம். அங்கேதான் இந்தக் கொள்கையின் உயிர்நிலை இருக்கிறது.

பல ஆண்டுகள் குடித்துக் குடும்பத்தை வதைத்த ஒருவன் ஒருநாள் உண்மையாகவே மனம் வருந்துகிறான். மனைவியின் முன் அழுகிறான். அவளும் மனமார மன்னித்துவிடுகிறாள். மன்னிப்பில் குறையேதும் இல்லை. ஆனால் மாலையில் வாசற்கதவு திறக்கும் ஓசை கேட்டதும் அவனுடைய சிறு மகள் இன்னும் அடுக்களைக்குள் ஓடி ஒளிகிறாள். அவன் கையும் குறிப்பிட்ட நேரம் வந்தால் தானாக நடுங்குகிறது. மன்னிப்பு ஒரு கணத்தில் கிடைத்துவிட்டது. குழந்தையின் அச்சமும் கையின் நடுக்கமும் ஒரு கணத்தில் போவதில்லை. அவற்றைப் பொறுமையுடன் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். அன்பினால் சரிசெய்ய வேண்டும். பாவத்தின் குற்றம் வேறு, அது விட்டுச்செல்லும் விளைவு வேறு என்று கத்தோலிக்கம் பிரிக்கிறது. இரண்டாவதைக் 'காலத்துக்குரிய தண்டனை' என்கிறது. கோபங்கொண்ட கடவுள் வெளியிலிருந்து விதிக்கும் பழிவாங்கலாக இதனைக் கருதக்கூடாது, பாவத்தின் இயல்பிலிருந்தே இது விளைகிறது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் விளக்குகிறது. இவ்வுலகில் தீராத மிச்சத்தை இறந்தபின் தூய்மைபெறும் நிலையில் தீர்க்க வேண்டும். அதற்குப் பழந்தமிழ்க் கிறிஸ்தவம் வைத்த பெயர் 'உத்தரிக்கும் ஸ்தலம்'.

கர்ம சித்தாந்தத்தில் வளர்ந்த நமக்கு இதில் பாதி வழி பழகிய வழிதான். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு தன் வேகம் தீரும்வரை ஓடியே தீரும் என்று பிராரப்தத்தைப் பற்றி நம் ஆசாரியர்கள் சொல்வார்கள். மீதிப் பாதி வழியில் கத்தோலிக்கம் தனக்கேயுரிய திசையில் திரும்புகிறது. யாரும் தனியாக நின்று கணக்குத் தீர்ப்பதில்லை. இறைமக்கள் அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள். கிறிஸ்துவின் பலியும், மரியன்னை மற்றும் புனிதர்களின் தவமும் அன்பும் அந்த உடல் முழுவதற்கும் உரிய செல்வம். அந்தக் கருவூலத்திலிருந்து தளர்ந்த உறுப்புக்கு வலு சேர்ப்பதே பேறுபலன். தன் முன்னோரான சகர புத்திரர்களுக்காகப் பகீரதன் தவம் செய்து கங்கையைக் கொணர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் தவம் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதைக் காண விரும்புவோர் பெங்களூரு சிவாஜி நகருக்குச் செல்லலாம். அங்குள்ள புனித மரியன்னை பசிலிக்கா அந்நகரின் மிகப் பழைமையான ஆலயங்களுள் ஒன்று. செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவ்விடத்தில் குடியேறி வழிபட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சிறியதோர் ஆலயம் எழுப்பியவர் அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கும். நம் சமயத்தின்பால் அவர் அதிகப் பரிவு காட்டியவர் அல்லர். இன்றுள்ள உயர்ந்த கோபுரத்துடன் கூடிய கோதிக் பாணி ஆலயம் 1882-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். ஆகஸ்டு 29 முதல் ஒன்பது நாள் நவநாள், செப்டம்பர் 8 அன்று தேர்பவனி. சேலை உடுத்திய அன்னையைக் காணக் காவியுடை தரித்த பக்தர்கள் வந்து குவிகிறார்கள். அவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு.

பசிலிக்கா என்ற சிறப்பு வெறும் பட்டமன்று. அதனோடு பேறுபலனும் இணைந்திருக்கிறது. ஆலயத்தின் பெயர்விழா, ஜூன் 29 புனித பேதுரு பவுல் திருநாள், பசிலிக்கா நிலை பெற்ற ஆண்டுநாள் போன்ற குறித்த நாட்களில் அங்கே பக்தியோடு சென்று விண்ணகத் தந்தை செபத்தையும் விசுவாச அறிக்கையையும் சொல்பவர் உரிய நிபந்தனைகளுடன் பரிபூரண பலன் பெறலாம். (இச்செபங்களை அந்தக் காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'மந்திரம்' என்றே அழைத்தார்கள்.) இவை தவிர, ஆண்டில் ஏதேனும் ஒரு நாளைப் பக்தர் தாமே தேர்ந்துகொள்ளவும் இடமுண்டு. எந்த நாட்காட்டியிலும் இல்லாத அந்தத் தனித் திருநாள் எதுவென்பதை அவரும் ஆண்டவனுமே அறிவார்கள்.

பசிலிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆலயத்திலோ குடும்பமாகவோ செபமாலை சொல்லுதல், அரைமணி நேரமாவது நற்கருணையின் முன் ஆராதித்தல், அரைமணி நேரம் திருநூல் வாசித்தல், சிலுவைப்பாதையைத் தியானித்தல் ஆகியவற்றை எந்த நாளிலும் செய்யலாம். ஆனால் பரிபூரண பலன் நாளொன்றுக்கு ஒருமுறைதான். பகுதியளவு பலனுக்கோ வாழ்க்கை முழுவதுமே வாசல். அன்றாடக் கடமையின் நடுவே மனத்தை இறைவனிடம் உயர்த்துதல், இல்லாதவருக்கு உதவுதல், தனக்கு உரிமையுள்ள ஓர் இன்பத்தையும் தவமாக விட்டுவிடுதல்: இவையெல்லாம் அதற்குப் போதும். அலுவலகத்தில் கோப்பைத் திறக்குமுன் ஒரு கணம் கண்மூடுபவரும் இதில் அடக்கம்.

பழைய செபப் புத்தகங்களில் 300 நாள் பலன், 7 ஆண்டுப் பலன் என்று அச்சிட்டிருக்கும். உத்தரிக்கும் ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆதித் திருச்சபையில் 300 நாள் வெளிப்படையாகத் தவம் செய்ததற்கு ஒப்பானது என்பதே அதன் பொருள். 1967-இல் ஆறாம் பவுல் இந்தக் கணக்கையே நீக்கிவிட்டார். அது நல்ல முடிவு. மனிதனிடம் எண்ணைக் கொடுத்தால் அவன் கூட்டத் தொடங்கிவிடுவான். ஜபமாலை உருட்டும் நம்மவர்களுக்கும் இந்த நோய் உண்டு. எண்ணோடு காசும் சேர்ந்ததால் விளைந்ததே 1517. ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பேறுபலனின் பெயரால் பணம் திரட்டினார்கள். லூத்தர் தம் 95 கருத்துரைகளில் முதன்மையாகச் சாடியது அந்த வியாபாரத்தை. திரெந்து சங்கம் 1563-இல் இத்தகைய இழிந்த ஆதாயங்களைக் கண்டித்தது. காணிக்கையோடு பிணைந்த பேறுபலன்களை 1567-இல் ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார். வரலாறு இவ்வளவே, நமக்கு வேண்டியது வேறு.

பரிபூரண பலனுக்கு நிபந்தனைகள் நான்கு. ஒன்று, பாவசங்கீர்த்தனம். நமக்குச் சங்கீர்த்தனம் என்றால் இறைவன் நாமத்தை வாய்விட்டுப் பாடுதல். அவர்களுக்குத் தம் பாவத்தை வாய்விட்டுச் சொல்லுதல். வடமொழிச் சொல் ஒன்று இவ்வாறு புதிய வீட்டில் புதிய தவத்திற்குப் பெயரானது இந்த எளியேனுக்கு எப்போதும் வியப்பளிப்பது. இரண்டு, நற்கருணை உட்கொள்ளுதல். மூன்று, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபித்தல். இம்மூன்றும் வெளியே தெரிபவை. செய்தோமா இல்லையா என்று சொல்லிவிடலாம். நான்காவது வேறு வகை: எந்தப் பாவத்தின் மீதும், அற்பப் பாவத்தின் மீதும்கூட, உள்ளத்தில் ஒட்டு இருக்கக்கூடாது.

இனி ஒருநாளும் தவறமாட்டேன் என்ற உத்தரவாதத்தை இது கேட்கவில்லை. மனிதன் பலவீனன், தவறுவான். ஆனால் தவற்றின்மீது ரகசியமான ஆசை கூடாது. ஏகாதசிக்குச் சொட்டுத் தண்ணீரும் அருந்தாதவர், மருமகள் என்றோ சொன்ன ஒரு சொல்லை மட்டும் நெஞ்சில் பத்திரப்படுத்தி, அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஊரறியச் சொன்னவர், பங்காளி தம் முன் தலைகுனிந்து நின்ற காட்சியைத் தனிமையில் சுவைக்கிறார். இருவரும் செயலளவில் பாவம் ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் வேர் ஈரமாக இருக்கிறது. நம் சாஸ்திரங்கள் வாசனை என்று சொல்வதும் இந்த ஈரத்தைத்தான். இந்த ஒட்டு சிறிதளவு இருந்தாலும் பலன் முழுமையாகாது. பகுதியாகவே நிற்கும் என்கிறது திருச்சபையின் விதி. முழுமையாயிற்றா என்பதை எந்தக் குருவும் எழுதிக் கொடுக்க முடியாது. சீட்டு என்ற சொல் பொருந்தாமைக்கு இதுவே பெருங்காரணம்.

இது விதிநூலின் ஓரத்தில் கிடக்கும் சொல் அன்று என்பது 2020-இல் தெரிந்தது. கொரோனாவால் ஆலயங்கள் மூடப்பட்டன. நோயாளியின் படுக்கையருகே குருவானவர் செல்ல இயலவில்லை. அவ்வாண்டு மார்ச் 20 அன்று வத்திக்கான், நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணிய மருத்துவப் பணியாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பரிபூரண பலன் அளித்து ஆணை வெளியிட்டது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தைக்கான செபம் ஆகிய மூன்றையும் இயன்றபோது நிறைவேற்றும் மனவுறுதி இருந்தால் போதும் என்று அம்மூன்றும் தள்ளிவைக்கப்பட்டன. கடைசி அருளடையாளங்களும் கிடைக்காமல் இறப்பவர் தகுந்த மனநிலையில் இருந்து, வாழ்நாளில் ஏதேனும் செபம் சொல்லும் வழக்கமும் உள்ளவராயின், அம்மூன்றையும் திருச்சபையே அவருக்காக நிறைவு செய்யும் என்றும் நினைவூட்டியது. ஆனால் பாவப் பற்றற்ற உள்ளம் என்ற நான்காவது நிபந்தனையை அந்த ஆணை தள்ளிவைக்கவில்லை. மூச்சுத் திணறிக் கிடப்பவரிடமும் அதனைக் கேட்டது. அன்பர்களே, இது கடுமையாகத் தோன்றலாம். சற்றே சிந்தித்தால், கையசைக்கவும் முடியாத ஒருவர் படுத்தபடியே செய்யக்கூடிய சாதனை அது ஒன்றுதான் என்பது விளங்கும். முற்றத்தைத் தாண்ட முடியாதவரிடம் யாத்திரையைக் கேட்பதில்லை, மனத்தைக் கேட்கலாம்.

2024 டிசம்பர் 24 முதல் 2026 ஜனவரி 6 வரை நடந்த யூபிலி ஆண்டின் விதிகளும் இதே திசையில் சென்றன. நோயாளிகள், சிறையில் இருப்போர், தனித்து வாழும் முதியோர் ஆகியோரைச் சென்று காண்பதும் அவர்களிடமுள்ள கிறிஸ்துவை நோக்கிய யாத்திரையாகக் கருதப்பட்டது. வாரத்தில் ஒரு நாளாவது வீண் பொழுதுபோக்குகளை விட்டிருப்பதும் தவத்துள் சேர்ந்தது. சமூக ஊடகங்களையும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். கைப்பேசியை ஒரு நாள் அணைத்து வைப்பது எளிது. அணைத்த பிறகு விரல் அதைத் தேடுகிறதே, அந்தத் தேடல்தான் நான்காவது நிபந்தனையின் இடம்.

பேறுபலனை உயிரோடிருக்கும் இன்னொருவருக்கு அளிக்க முடியாது. அவர் தம் கால்களால் நடக்கலாம் அல்லவா? இறந்தவருக்கு அளிக்கலாம், அதுவும் மன்றாட்டாக மட்டுமே. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவருக்குப் பரிபூரண பலன் உண்டு. 2020-இல் கூட்டத்தைத் தவிர்க்க அந்த எட்டு நாள் வரம்பை மாதம் முழுவதற்கும் நீட்டித்தார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று பெங்களூரு ஓசூர் சாலைக் கல்லறையிலும் கல்பள்ளியிலும் குடும்பங்கள் திரளும். கல்லறையைக் கழுவிப் பூவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்நாட்களில் அங்கே பெறும் பலனைப் பெறுபவர் தமக்கென வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. முழுவதையும் அந்த மண்ணுக்கடியில் உறங்குபவருக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும்.