ஐம்பது மீட்டர் தள்ளி

மாதிரி ரயில்களின் ஹெச்ஓ அளவில் உலகம் 87 மடங்கு சுருங்குகிறது. மாதிரியில் இருக்கும் பாறையை இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதும் அசல் பாறையை ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதும் ஒன்று. இந்தக் கணக்கை மறந்து, கையில் பறித்த இலையின் பச்சையை அப்படியே பூசினால் காடு பொம்மைக்கடை ஆகிவிடுகிறது. பொருளின் நிறத்தைப் பூசக்கூடாது. பொருளுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் காற்றையும் சேர்த்துப் பூச வேண்டும்.

*

நான் செய்துகொண்டிருப்பது நீலகிரி மலை ரயில்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஒரு துண்டு. அசல் மீட்டர் கேஜ் என்பதால் மாதிரியில் தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர்.

அங்குள்ள பாறை சார்னோக்கைட். புதிதாக உடைந்த முகம் கருநீலச் சாம்பலாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். ஆனால் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை திறந்தது 1899-ல். அன்று வெடிவைத்துப் பிளந்த முகங்கள் நூறு வருஷத்துக்கு மேல் மழை குடித்தவை. பழுப்பு ஏறி, வெளிர்சாம்பல் திட்டுகள் படர்ந்து, நீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடாக நிற்கும். புதிய கருநீலமும் பச்சை ரணம் போன்ற செம்மண்ணும் ஒரே ஓரிடத்தில் மட்டும் வரலாம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிந்த மண்சரிவில். அதை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வைத்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

*

மாதிரிப் பாறைக்கான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வண்ணத்தை உறிஞ்சும். இது குறை அல்ல, இதுதான் வேலையைப் பாதி செய்கிறது. தண்ணீராகக் கரைத்த மஞ்சள் காவியையும் ரா அம்பர் பழுப்பையும் ஒழுங்கில்லாமல் அங்கங்கே ஒற்றிவிட்டு, மேலே கறுப்பு மையைச் சில துளி கலந்த நீரை வழியவிட்டால், அது தானே பிளவுகளைத் தேடிப் போய்த் தங்குகிறது. ஈரத்தில் எல்லாமே அதிகக் கறுப்பாகத் தெரியும். காய்ந்தால் வெளுக்கும். ராத்திரி பூசியதைப் பற்றி ராத்திரியே தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடைசியில், கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டு முனைகளை மட்டும் உரசுவது. இதில் கை நின்றுவிட வேண்டும். பலருக்கு நிற்பதில்லை; மலை முழுக்க விபூதி பூசியதுபோல் ஆகிவிடுகிறது.

*

டியூபில் வரும் பச்சை எதுவும் காட்டில் இல்லை. மஞ்சள் காவியில் கறுப்பு சேர்த்தால் ஒரு மங்கிய பச்சை பிறக்கிறது. வழியில் வரும் ஹில்குரோவ் பக்கத்துக் காட்டுக்கு அதுவே அடித்தளம். குன்னூரை நெருங்கும்போது தேயிலை வருகிறது. அங்கே நிறம் இரண்டு அடுக்கு: கிள்ளும் மட்டத்தில் துளிரின் மஞ்சள்பச்சை, அதற்குக் கீழே இருட்டு. கரும்பச்சைப் பஞ்சுத் தூளின் தலையில் வெளிர்த்தூளைச் சலித்துத் தூவினால் போதும்.

*

பின்திரையில் மலை விலக விலக நீலமும் வெள்ளையும் கூட வேண்டும், நிழல்கள் குறைய வேண்டும். கடைசி மலைக்கும் வானத்துக்கும் இடையே கோடு தெரிந்தால் அது சுவர். வானமும் அடியில் கிட்டத்தட்ட வெள்ளைதான், நீலம் உச்சியில்தான்.

எந்த விளக்கின் கீழ் மாதிரி வாழப்போகிறதோ அந்த விளக்கின் கீழேதான் வண்ணம் கலக்க வேண்டும். ஜன்னலோரத்தில் சரியாக இருந்த காவி, மஞ்சள் பல்பின் கீழ் ஆரஞ்சுப் பழம்.

*

கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் தொழிலால் புகைப்படக்காரர். மாதிரி ரயிலின் புதுப் பெட்டிகளை அழுக்காக்கி, துருவேற்றிக் காட்டியவர்களில் முன்னோடி. 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே அவருடைய மாதிரி ரயில் உலகம் தீயில் அழிந்தது. நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் படங்கள். அவர் வழி வந்தவர்கள் இன்று எதையும் துருப்பிடிக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீலமும் வெண்மஞ்சளுமாக ஓடும் ஊட்டி ரயில் பெட்டியைக் கழுவித் துடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பையும் பூசத்தானே வேண்டும்?

படம் எடுக்கும் பழக்கத்தை மட்டும் ஆலனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். எது தூக்கலாக நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

*

இப்போது கையில் இருப்பது தண்டவாளம். பக்கங்களில் துருப் பழுப்பு, தலையில் சக்கரம் தேய்த்த வெள்ளி. என்ஜினின் பற்சக்கரம் கவ்வ நடுவே ஓடும் பல்தண்டுகளுக்கு இந்தத் துரு பொருந்தாது. அவை மசகும் தூசியும் கலந்த கறுப்பு, பற்களின் விளிம்பில் மட்டும் உலோகம். குன்னூர் வந்ததும் பல்தண்டு முடிந்துவிடும். அதற்கப்பால் ஸ்லீப்பர்களின் நடுவில் அந்தக் கறுப்பு இருக்கக்கூடாது. தூரிகையைக் கழுவிவிட்டு அங்கிருந்து வேறு பழுப்பில் தொடங்க வேண்டும்.