கேளாததைச் சொல்லாமை

கேட்கப்படாத ஓர் உண்மையைக் கூறாது விடுதல் பொய்யாகுமா? புனே நகரில் ஒரு பழைய லாரி இவ்வினாவை நம்முன் நிறுத்திற்று.

அதன் ஓட்டுநர், பழம்பொருட்சந்தையில் வேர்ல்டுஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலிப் பெட்டியொன்றை மலிவாக வாங்கி, லாரியில் பொருத்தித் தருமாறு ஒரு மின்பழுதுக்காரரிடம் கொடுத்தார். எளிய வேலையன்று. லாரியின் 24 வோல்ட் மின்சாரத்தைக் கன்வெர்ட்டர் வைத்துக் குறைத்தல் வேண்டும். கோளை நோக்கி அசையாதிருக்க வேண்டிய ஆண்டெனாவை, ஓடும் வண்டியின் கூரைமேல் அமைத்தல் வேண்டும். அரைநாள் உழைத்தார், விளக்கு எரிந்தது, கூலியும் பெற்றார். ஒலி வரவில்லை. வராதென்பதை அவர் முன்னமே அறிவார்! 2000 மார்ச்சில் நமது இன்சாட் 3பி-யுடன் ஒரே ராக்கெட்டில் ஏறிய ஆசியாஸ்டார் கோள் வழியே இங்கு வந்த அவ்வொலிபரப்பு, நிறுவனம் நொடித்தமையால் 2009 டிசம்பர் 31-ஆம் நாளோடு நின்றுபோயிற்று.

“பொருத்தச் சொன்னார், பொருத்தினேன். பாடுமா என்று கேட்கவில்லையே, ஐயா!” என்றார் நம்மிடம்.

இச்சொல்லை எளிதில் தள்ள நம்மால் இயலவில்லை. ஆலையில் நூல் நலிந்திருப்பது கண்டும், கேட்பாரின்மையால் நாமும் தறியை ஓட்டியதுண்டு. (அன்று நம் கூலி குறையவுமில்லை.) ஆயினும் ஓட்டுநர் பணம் கொடுத்தது கம்பிகளுக்கன்று; சோலாப்பூர் சாலையின் இரவில் துணைவரும் ஒரு குரலுக்கு. அதனை அறிந்தே கூலி வாங்கியவர், நாவினால் பொய்யுரைக்காவிடினும், பிறர் அறியாமையை விற்றவரே யாவார். இதனை அவரிடமே கூறினோம்.

சினந்து போய்விட்டார். மறுவாரம் ஓட்டுநரை அழைத்து, கன்வெர்ட்டரின் விலை நீக்கி மீதியைத் திருப்பித் தந்தாராம். சந்தையில் விற்றவரைத்தான் இன்னும் காணவில்லை.