கண்டேன் என்னும் சான்று

டிக்கோயாவை அடுத்துள்ள காசல்றீ நீர்த்தேக்கம் இயற்கை தந்த ஏரியன்று. கெஹெல்கமு ஓயாவை அணையால் மறித்து, நீர்மின் உற்பத்திக்காக 1960களில் ஆக்கப்பட்டது. தேயிலைச் சரிவுகளின் அடியில் விரிந்த அந்நீரில் கரிய பறவையொன்று மிதப்பதைக் கரையில் நிற்கும் ஒருவர் காண்கிறார் எனக் கொள்வோம். அது இலங்கையில் பரவலாகக் காணப்படும் சிறு நீர்க்காகமா, அருகியே காணப்படும் பெரு நீர்க்காகமா? “பெரு நீர்க்காகத்தைக் கண்டேன்” என எழுதிவைக்கும் உரிமையை அவர் எப்போது பெறுகிறார்? இவ்வினா பறவையியலுக்கு மட்டும் உரியதன்று, வாய்மைக்கும் உரியது.

காண்டல், கருதல், உரை என அறிவின் வாயில்களை வகுத்த சைவசித்தாந்த அளவையியல், காட்சியிலும் ஐயமும் திரிவும் கலக்கும் என எச்சரிக்கின்றது. இதுவோ அதுவோ எனத் தடுமாறுதல் ஐயம்; ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிவு. அகன்ற நீர்ப்பரப்பு இரண்டுக்கும் விளைநிலம். ஒப்பிட அருகில் வேறொரு பொருள் இல்லாதவிடத்து உருவின் அளவு ஏமாற்றும். எதிரொளியில் நிறம் மறையும். இவற்றினும் வலியது, அரியதைக் காணவேண்டும் என்னும் ஆசை.

உண்மையில் கண்ணுக்குப் புலப்பட்டவை கரிய உடலும், தடித்த அலகும், தொண்டையடி வெண்மையுமே. “பெரு நீர்க்காகம்” என்பது அவற்றிலிருந்து பெறப்பட்ட கருதல். நேர்மையான பதிவு இவ்விரண்டையும் பிரித்தே எழுதும். நாளும் நேரமும் தூரமும் ஒளியும் கூறும். காணாததைக் காணவில்லை என்றும் கூறும். அப்போதுதான் பிறர் அதனை ஆராயவும் மறுக்கவும் இயலும். மறுப்பதற்கு இடம்தராத கூற்று, சான்றாக அன்றி ஆணையாகவே நிற்கும்.

ஆணையை நம்பியதன் விளைவுக்கு இந்தியக் காட்டு ஆந்தையின் வரலாறு சான்று. பிரித்தானியப் படை அதிகாரியும் பறவையியலாளருமான றிச்சட் மைனட்சாகன், முந்திய நூற்றாண்டில் பிறர் சேகரித்த மாதிரியொன்றைத் திருடி, 1914இல் குஜராத்தின் மாண்டவியில் தாமே பெற்றதாகப் பொய்ச்சீட்டு இட்டார். அவரது பெயரின் பெருமை ஐயத்தை அடக்கிற்று. அப்பறவையைத் தேடியோர் தவறான இடத்திலும் தேடி அலைந்தனர். அப்பதிவைப் பொய்யென ஒதுக்கி, உண்மையான பழைய பதிவுகளைப் பின்பற்றிய பமீலா ராஸ்முசன் குழுவினர் 1997இல் மகாராஷ்டிரத்தில் அதனை மீளக் கண்டனர்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கடுஞ்சான்று கேட்பின், தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் உடையோர் மட்டுமே பேச, நாள்தோறும் மலையில் கொழுந்து பறித்தவாறு அந்நீரை நோக்கும் தொழிலாளிப் பெண்ணின் சொல் மதிப்பிழக்காதா? தடை நியாயமானதே. ஆயினும் அரியது எது என்பதை வழமையை அறிந்தவரே முதலில் உணர்வர். “எப்போதும் வருவதைவிடப் பெரிது, தொடையருகே வெள்ளை தெரிந்தது” என அப்பெண் கூறுவாராயின், அது கருவியின்றியே அமைந்த செம்மையான காட்சியுரை. கண்டது யாது, எங்ஙனம் கண்டது என்ற கேள்விகள் விருந்தினராக வந்த அறிஞரிடமும் அவரிடமும் ஒருபடித்தாகவே கேட்கப்படல் வேண்டும். கேளாது நம்புதல் ஒருவர்க்குச் சலுகை. கேளாது தள்ளுதல் மற்றவர்க்கு அநீதி.

பதிவு ஏற்கப்படாமையும் இழிவன்று. “சான்று போதாது” என்பது “பொய் கூறினாய்” எனப் பொருள்படாது. இவ்வேறுபாட்டை உணர்ந்த சமூகத்திலேயே ஒருவர் “உறுதியாகத் தெரியவில்லை” என அச்சமின்றி எழுதமுடியும். அவ்வாறு எழுதும் துணிவும் வாய்மையின் ஒரு கூறேயாம்.