நாவுக்கும் நீதி உண்டா?

"ருசியைப் பற்றி விவாதிக்க முடியாது; அவரவர் நாக்கு அவரவருக்கு" என்று சொல்லிவிட்டுப் பலரும் இந்த விடயத்தைக் கடந்து போய்விடுகின்றனர். கேட்பதற்குப் பெருந்தன்மையான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் உணவை வைத்து ஒருவரையொருவர் அளப்பதும், இழிப்பதும், சில வேளைகளில் கடையை உடைத்துத் தீ வைப்பதும்கூட நம் கண்முன்னே நடந்திருக்கின்றன. அப்படியிருக்க, அந்தப் பெருந்தன்மை போதுமானதா என்ற கேள்வி எழாமல் இல்லை.

ஆண்டு ஆறு மாணவர்களிடம் 'எனக்குப் பிடித்த உணவு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். கொப்பிகளைத் திருத்தும்போது ஐந்தாறு பேர் பேர்கர் என்று எழுதியிருந்ததைக் கண்டேன். எங்கள் கிராமத்தில் அப்படியொரு கடை கிடையாது. ஒருவனை அழைத்து, "எங்கடா சாப்பிட்ட?" என்று கேட்டேன். "இன்னும் சாப்பிடல்ல சேர். ஆனா நல்லாயிருக்கும்" என்றான். அவனுடைய வீட்டில் காலையில் பிட்டும் எருமைத் தயிரும் என்பது எனக்குத் தெரியும். அது அவனுடைய கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அவன் பொய் சொன்னான் என்று கொள்ள என்னால் முடியவில்லை. பிடித்திருக்கிறது என்று அவன் உண்மையாகவே நம்பினான். நாக்குக்கு எட்டுமுன்னே ஓர் உணவு மனத்துக்குப் பிடித்துப்போவது எப்படி? அந்தப் பிடிப்பு யாருடையது? அவனுடையதா, அவனுக்கு அதைக் காட்டிய படத்தினுடையதா? 'அவரவர் நாக்கு அவரவருக்கு' என்ற வாதம் இந்த இடத்தில் வந்து தடுமாறுகிறது. ஏனெனில் இங்கே நாக்கு இன்னும் வேலையையே தொடங்கவில்லை.

உண்மையான நாவின் வேற்றுமை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. அதன் வெள்ளம் தேங்கும் வில்லுகளிலும் புல்வெளிகளிலும் எருமை மேய்ந்தது. அதனால் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தயிர் வந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் தயிர்ச் சட்டிகள் பாதையில் ஏறித்தான் நகரத்துக்குப் போயின. யாழ்ப்பாணத்தில் பனை நின்றது, ஒடியல் மா வந்தது, கூழ் வந்தது. தெற்கில் கொறுக்காய்ப்புளி கிடைத்தது; அங்கே மீன் கறுத்துச் சுண்டியது. நமது பக்கம் பழப்புளி, ஆகவே புளியாணம். பிட்டு ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் நீத்துப்பெட்டியில் அவிகிறது, இன்னோரிடத்தில் குழலில் அவிகிறது. மண்ணும் மழையும் தொழிலும் வறுமையும் சேர்ந்து ஒரு பிரதேசத்தின் நாவைப் பழக்குகின்றன. அதில் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் கலாசாலை விடுதியில் நாங்கள் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். மீனுக்குக் கொறுக்காயா பழப்புளியா என்பதில் காலி நண்பருக்கும் மன்னார் நண்பருக்கும் இரண்டு நாள் பேச்சு நின்றது. சமையற்காரர் இருவரையும் சமாதானப்படுத்தும் நோக்கில் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு வைத்தார். அன்று யாருமே மீன் தொடவில்லை.

1660இல் கொட்டியாரத்தில் கரையிறங்கிய கப்பலொன்றிலிருந்து பிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தவர் றொபட் நொக்ஸ். பாண் தின்று வளர்ந்த ஆங்கிலேயர். 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில், சோறும் சிறிது உப்பும் இலைக்கறியும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் இங்குள்ளவர்கள் அதை நல்ல சாப்பாடாகக் கருதினர் என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். சோறும் உப்பும் கறியில்லாத வீட்டின் சாப்பாடு. அதையே நல்ல சாப்பாடு என்று சொன்னவர்களின் சொல்லை அவர் திருத்தாமல் பதிந்து வைத்தார். நம்மைச் சிறைவைத்தவர்களின் தட்டைக்கூட அவ்வாறு பார்க்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதிலும் ஆழமான ஓர் உதாரணம் நமது மரபில் உண்டு. நபி (ஸல்) அவர்களின் முன்னே சுட்ட உடும்பு வகைப் பிராணியொன்று வைக்கப்படுகிறது. அவர்கள் கையை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஹறாமா என்று காலித் பின் வலீத் (ரழி) கேட்கிறார். இல்லை, இது என்னுடைய மக்களின் நிலத்தில் காணப்படாதது, ஆகவே மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வருகிறது. காலித் (ரழி) அதே விரிப்பிலிருந்து அதை எடுத்து உண்கிறார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புகாரியில் பதிவான நிகழ்வு இது. பிரதேச ருசி பற்றி இதைவிடத் தெளிவாக யார் பேசியிருக்கிறார்கள்? மூன்று விடயங்கள் இங்கே தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. தடுக்கப்பட்டது வேறு. மனம் ஒப்பாதது வேறு. மற்றவன் உண்பதை இழிப்பது முற்றிலும் வேறு. தமக்கு ஒப்பாததை அவர்கள் சட்டமாக்கவில்லை. உண்பவரைத் தாழ்த்தவும் இல்லை. ஏன் ஒப்பவில்லை என்பதற்கு ஊரைக் காரணம் சொன்னார்களே தவிர, உணவைக் குற்றம் சொல்லவில்லை.

நாமோ அந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். கருவாட்டுச் சம்பல் கொண்டுவரும் பிள்ளையின் பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் பணிசு கொண்டுவருகிறது. மூக்கைப் பொத்திய பிள்ளையின் தகப்பனும் கடலுக்குப் போகிறவர்தான் என்பது வேறு கதை.

இப்போது பேர்கருக்கு வருவோம். அதன் மீது எனக்குக் கோபம் ஏதுமில்லை. ஹம்பர்க் நகரத்தின் பெயரோடு அமெரிக்கா போய், அங்கே அவசரத்தில் உண்ணும் தொழிலாளியின் உணவாக வளர்ந்தது அது. மக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் கலிபோர்னியாவில் கடை திறந்தனர். 1948இல் சமையலறையைத் தொழிற்சாலை போல மாற்றினர்: ஒருவன் இறைச்சியைப் புரட்டுவான், ஒருவன் பன்னில் வைப்பான், ஒருவன் கட்டுவான். உணவு மலிவானது, விரைவானது. ஏழைக்கு அது உபகாரம் அல்லவா? நமது கொத்துரொட்டியும் அதே இனம்தான். மிஞ்சிய ரொட்டியை வீணாக்காமல், முட்டையும் வெங்காயமும் ஆணமும் சேர்த்து, தகட்டில் கொத்தி, பசித்தவனுக்குச் சில நிமிடங்களில் கொடுக்கிற உணவு. அது பிறந்தது மட்டக்களப்பிலா திருகோணமலையிலா என்று இரு பக்கத்தாரும் வாதிடுவர். கிழக்கில் என்பதில் பலருக்கும் உடன்பாடு. அதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நமது பாரம்பரிய உணவு' என்று மார்தட்டுகிறவர்கள் கொத்துரொட்டியின் மா எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. அது கப்பலில் நம்முடைய துறைமுகத்துக்குத்தான் வருகிறது. 1977இல் சிங்கப்பூர் நிறுவனமொன்றுடன் அரசு செய்த உடன்படிக்கையின் பேறாகச் சீனன்குடாவில் எழுந்த பிரிமா மா ஆலை, 1980 முதல் இங்கே அரைத்துத் தள்ளுகிறது. பாணும் பராட்டாவும் கொத்தும், கொழும்பில் விற்கும் பேர்கரின் பன்னும் ஒரே குடாவின் மாவிலிருந்து பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கலாம். நமது சம்பலின் மிளகாயும் போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வட்டிலப்பம் மலாயரோடு வந்தது என்பர். ஆகவே 'வெளியிலிருந்து வந்தது' என்பதற்காகப் பேர்கரை விரட்டினால், நமது விரிப்பில் மிஞ்சுவது அதிகமில்லை.

அப்படியாயின் குறை எங்கே? வந்த பொருள் இந்த மண்ணுக்கு இணங்கியதா, இல்லை மண்ணைத் தனக்கு இணங்கச் சொல்கிறதா என்பதில்தான். மிளகாய் இங்கே வந்து ஊருக்கு ஊர் வேறு வேறு உறைப்பாயிற்று. கோதுமை மா தேங்காய்ப்பூவோடு குழைந்து தேங்காய் ரொட்டியாயிற்று. பேர்கர் வியாபாரமோ எங்கும் ஒன்றுபோல் இருப்பதையே தன் சிறப்பாகச் சொல்கிறது. இலண்டனிலிருந்து வரும் 'எகனொமிஸ்ட்' சஞ்சிகை 1986 முதல் 'பிக் மக்' பேர்கரின் விலையை வைத்து நாடுகளின் நாணயப் பெறுமதியை ஒப்பிட்டு வருகிறது. எங்கும் ஒரே மாதிரியாக இருப்பதால் அது அளவுகோலாயிற்று. ஓர் உணவுக்கு இதைவிட விசித்திரமான பாராட்டு உண்டா என்று தெரியவில்லை. கிண்ணியாத் தயிரை வைத்து எந்தப் பொருளியலாளராலும் எதையும் அளக்க முடியாது. மழைக் காலத்துத் தயிர் வேறு, கோடைத் தயிர் வேறு.

அந்த ஒருமையும் முழுமையாக வெல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1996இல் இந்தியாவில் கடை திறந்த மக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியைக் கைவிட்டது. பிறகு உருளைக்கிழங்கு வடையைப் பன்னுக்குள் வைத்தது. இலங்கைக்கு 1998இல் வந்தது. அதற்கு முன்னரே வந்துவிட்ட கே.எப்.சி. இங்கே புரியாணியும் விற்கலாயிற்று. நாவு அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. தோற்பது வேறொன்று. அதுதான் என் மாணவனின் கட்டுரையிலே நடந்தது: தயிர் அவனுக்குப் பிடிக்காமல் போகவில்லை, எழுதத் தகுதியற்றதாகப் போய்விட்டது. ஆரவாரம் நாவை மாற்றுவதில்லை. நாவைப் பற்றி வெட்கப்பட வைக்கிறது. இதை நான் அநீதி என்றே சொல்வேன். ஒருவனுக்குப் பிடித்ததை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. பிடித்ததை ஒளித்துக்கொள்ளும்படி செய்வது அப்படிப்பட்டதல்ல.

2023 ஒக்டோபருக்குப் பின்னர் காஸாவை முன்னிட்டு நம்மவர்கள் பலர் அந்தக் கடைகளைத் தவிர்த்தனர். அது நாவின் தீர்ப்பல்ல, மனச்சாட்சியின் தீர்ப்பு, அதை மதிக்கிறேன். ஆயினும் அதே பன், அதே கோழி, அதே சிவப்பு மஞ்சள் பலகையோடு நமது பட்டினங்களில் வேறு பெயர்களில் கடைகள் நிறைவதையும் பார்க்கிறோம். பெயரை விட்டோம், ஆசையை யாரும் விசாரிக்கவில்லை. 'ஹலால்' என்ற எழுத்தைக் கண்டதும் கேள்வி முடிந்துவிடுகிறது. அல்குர்ஆன் மனிதர்கள் எல்லோரையும் விளித்து உண்ணச் சொல்லும் இடத்தில் ஹலாலோடு 'தையிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. நல்லது, தூயது. முதற் சொல்லுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இரண்டாவதற்குச் சான்றிதழ் கிடையாது. ஒவ்வொருவரும் தாமே யோசித்தாக வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்கே என்ன நேர்ந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பிய கூச்சல் நாட்டையே உலுக்கியது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் ஆணத்தில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, மலட்டு மாத்திரை என்று வதந்தி பரப்பினர். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னது, அது வெறும் மாக்கட்டி என்று. சில நாட்களில் திகன பற்றி எரிந்தது. சரியாகக் கரையாத ஒரு பிடி மா!

ருசி பற்றிய இந்த விசாரணையில் எனக்கு இந்த நிகழ்வே மையமாகப் படுகிறது. மற்றவனின் கடையில் உட்கார்ந்து உண்பது என்பது அவன் கையை நம்புவது. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்லிவந்தோம். அந்த உவமைகூடக் குழலுக்குள் இருந்துதான் வந்தது. போர்க் காலத்தில் அந்தப் பிட்டு பலமுறை உதிர்ந்ததும் உண்மை. ஆயினும் நோன்புக் கஞ்சி வேலி தாண்டிப் போவதும், பொங்கல் இந்தப் பக்கம் வருவதும் முற்றாக நின்றுவிடவில்லை. அங்கே முகம் தெரியும். பெரிய நிறுவனத்தின் பேர்கர் விற்பது, முகத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரு நிம்மதியை. பலகை நம்பிக்கை தரும்; சமைப்பவன் யாரென்று கேட்க வேண்டியதில்லை. அச்சம் நிறைந்த ஒரு நாட்டில் அந்த நிம்மதிக்கு விலை உண்டு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவரின் சமையலை ஒருவர் நம்பவே வேண்டாத ஊரில் மக்கள் எதற்காக ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் போகிறார்கள்?

இப்படியெல்லாம் ஒரு சக ஆசிரியையிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நீங்க சொல்ற ரொட்டிக்கடையில நான் எங்க சேர் உட்கார்றது?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மக்ரிபுக்குப் பின்னர் தேத்தண்ணிக்கடை வாங்குகள் முழுவதும் ஆண்கள். பெண்களுக்குப் பார்சல்தான்; அதையும் கணவனோ மகனோ வாங்கிவர வேண்டும். கண்ணாடிக் கதவுள்ள பேர்கர் கடையிலோ அவரும் அவரது மகளும் ஒரு மேசையில், யாரும் முறைத்துப் பார்க்காமல், அரை மணி நேரம் இருந்து பேசிவிட்டு வரலாம். பன் நன்றாக இல்லை என்பது அவருக்கும் தெரியும். சீனிப் பாகு போல் இனிக்கிறது என்று அவரே சொன்னார். அவர் காசு கொடுத்தது அந்த மேசைக்கு.

எங்கள் சந்தியில் கொத்துப் போடும் நானாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். இடம் கிடையாதே மாஸ்டர் என்றார். பின்னால் விறகு அடுக்கியிருக்கும் அறையைக் காட்டினேன். அதற்கு ஒரு கதவு வைக்கவேண்டும், விசிறி போடவேண்டும், செலவாகும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே தகட்டில் இரண்டு தரம் தட்டினார். விறகை எங்கே அடுக்குவது என்பதுதான் இப்போது மிச்சமிருக்கிற பிரச்சினை.