வண்டி பழுதானால் நட்டம் யாருக்கு?

எம்மவரில் பலர் மொன்றியலுக்கு வந்த புதிதில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தும், விடியற்புறத்தில் பத்திரிகை போட்டும் குடும்பத்தைத் தாங்கியவர்கள். இன்று அநேகமாக நாமே வாசலில் காத்து நிற்கும் வாடிக்கையாளர்கள். உணவுப் பொதி கொண்டுவருபவர் பஞ்சாபிலிருந்தோ அல்ஜீரியாவிலிருந்தோ அண்மையில் வந்த ஓர் இளைஞராக இருக்கலாம். தை மாதக் கடுங்குளிரில் அவருடைய கார் இடைவழியில் நின்றுவிட்டால், அந்த நட்டம் நியாயப்படி யாரைச் சேரவேண்டும்?

நடைமுறையில் முழுவதும் அவரையே சேர்கிறது. கார் அவருடையது. பற்றரியும், இழுத்துச் செல்லும் வண்டிக்கான கூலியும், கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயமான குளிர்கால ரயரும் அவர் செலவு. அன்றைய உழைப்பும் போய்விடும். போதாக்குறைக்கு, சாப்பாடு ஆறிவிட்டதென்று நாம் குறைத்துப் போடும் நட்சத்திரம்! ஊரில் லொறி பழுதானால் திருத்தச் செலவு முதலாளியின் தலையில் விழும். இங்கே சாரதியே முதலாளி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். கூலியை நிர்ணயிப்பது மட்டும் அவரல்லர்.

ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார் என்று சிலர் கேட்பர். ஒன்ராறியோவில் ஊபர் ஈட்ஸ் சாரதியான டேவிட் ஹெல்லரின் வழக்கை இங்கே நினைவுகூரலாம். அது வண்டி பழுதைப் பற்றிய வழக்கன்று. ஆனால் அந்த 'ஒப்புக்கொள்ளல்' எப்படிப்பட்டது என்பதைக் காட்டியது. பிணக்கு எதுவானாலும் நெதர்லாந்திலே மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும், அதற்கு முற்பணமாக 14,500 அமெரிக்க டொலர் செலவாகும் என்ற நிலை. அவர் உழைத்ததோ வாரத்துக்கு 400 முதல் 600 டொலர் வரை. 2020 ஜூன் 26இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த மத்தியஸ்த நிபந்தனை செல்லாது என்றது. தொலைபேசித் திரையில் விரலால் அழுத்திய சம்மதம் எல்லாவற்றுக்கும் சம்மதமாகிவிடாது.

1994 முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் குடியியற் சட்டக்கோவை, முன்னறிய முடியாததும் தடுக்க முடியாததுமான நிகழ்வால் வந்த கேட்டுக்கு ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. மொன்றியலில் தை மாதக் குளிரை முன்னறியாதவர் யார்? சாரதியும் அறிவார், நிறுவனமும் அறியும், கதகதப்பான வீட்டுக்குள் இருந்து கட்டளையிடும் நாமும் அறிவோம். குளிரில் பற்றரியின் பலம் குறையும், எஞ்சின் எண்ணெய் தடிக்கும். இவை தெரிந்தும் 'இத்தனை நிமிடத்தில் வரும்' என்று சொன்னவர் எவரோ, அவர்மீதே பாரத்தின் பெரும்பங்கு இருக்கவேண்டும் என்பது எமது எண்ணம். டொமினோஸ் பீட்சாவின் 30 நிமிட உறுதிமொழி ஓர் உதாரணம். 1989இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் அதன் சாரதி ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்று ஒரு பெண்ணைக் காயப்படுத்தினார். 1993 டிசம்பரில் ஜூரிகள் தண்டனை நட்டஈடாக 7 கோடியே 80 இலட்சம் டொலரை நிறுவனத்துக்கே விதித்தனர். (பின்னர் குறைந்த தொகைக்குச் சமரசமாயிற்று.) அந்த மாதமே உறுதிமொழி கைவிடப்பட்டது.

'அவரவர் வினை' என்று சொல்லி ஒதுங்குவோரும் உண்டு. சைவம் வினையைப் பேசுவது எம் துன்பத்தை நாம் பொறுத்துக்கொள்வதற்கு. அடுத்தவர் துன்பத்திலிருந்து நாம் விலகி நிற்க அது அனுமதிச் சீட்டல்ல. தேர் இழுக்கையில் சில்லு மக்கர் பண்ணினால், கட்டை போடுபவரிடம் யாராவது பணம் கேட்பதுண்டா? வடம் பிடித்த அத்தனை பேருமல்லவா தோள் கொடுக்கிறோம்.

நிறுவனங்களைத் திருத்துவது சட்டத்தின் வேலை. அது மெல்லத்தான் நடக்கும். அதுவரை, பிந்தி வந்தவரிடம் காரணம் கேட்டுவிட்டு நட்சத்திரம் போடலாம். கார் எம் வாசலிலேயே நின்றுவிட்டால் உள்ளே கூப்பிட்டு ஒரு தேநீர் கொடுக்கலாம். எம் காரில் பற்றரிக்கு மின்னூட்டும் வயர் கிடக்கிறதா என்று இந்த வார இறுதியிலேயே பார்த்து வைக்கலாம்.