நெஞ்சின் விரைவும் நாவின் விரைவும்

ஒருவரை அறிவுடையவர் என்று நாம் எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? கேட்ட கேள்விக்குச் சட்டென்று விடை சொன்னால் 'சூட்டிகையான பிள்ளை' என்கிறோம். விடை வரத் தாமதமானால் 'மந்தம்' என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் திரும்பிவிடுகிறோம். பள்ளிச் சேர்க்கையிலும், வேலைக்கான நேர்காணலிலும், உறவினர் கூடும் மண வீட்டிலும் இந்த ஓர் அளவுகோலே ஆட்சி புரிகிறது.

இதற்கு மரபின் துணையும் உண்டு எனலாம். நாம் தலைமேற்கொண்டு போற்றும் திருக்குறள், சொல்வன்மை அதிகாரத்தின் முடிவில், கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துச் சொல்ல மாட்டாதவரைக் கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகிறது. ஆயின் அவ்வதிகாரம் பொருட்பாலில், அமைச்சியலில் அமைந்திருப்பதை மறத்தலாகாது. அவையில் பேசி வினை முடிக்க வேண்டிய அமைச்சனுக்கு வகுத்த இலக்கணம் அது. அதை எடுத்துவந்து, பேச்சு எளிதில் வாராத ஒரு சிறுவனின் மேல் பொருத்துவது வள்ளுவர் சொன்னதன்று, நாம் சேர்த்தது.

ஆட்டிசம் உடையோர் பலரிடம் காணப்படும் ஓர் இடர்ப்பாட்டை முன்னிட்டே இதனைச் சொல்லத் தொடங்கினோம். உள்ளே எண்ணம் விரைந்து ஓடுகிறது. வாக்காக வெளிப்பட வேண்டிய இடத்தில் தடைபட்டு நிற்கிறது. தமிழில் இந்நிலைக்கு 'மதியிறுக்கம்' என்றொரு பெயர் வழங்குகிறது. இறுகியிருப்பது மதியா, நாவா என்று கேளாமலே பெயரிட்டுவிட்டனர் போலும். வாய் குறுகிய குடத்தில் நீரை நிரப்பித் திடீரெனக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் தாரையாக வாராது. குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு வரும், சில கணம் நின்றும் போகும். உள்ளே நீர் இல்லை என்று அதனால் யாரும் சொல்லமாட்டார்.

பேசுதல் எளிய செயலாகத் தோன்றுவது, அது நமக்குக் கைவந்துவிட்டதனால்தான். கருத்தைத் தெரிந்தெடுத்தல், அதற்குரிய சொற்களைத் தேடிப் பிடித்தல், அவற்றை வரிசைப்படுத்தல், பின் மூச்சும் குரல்வளையும் நாவும் உதடும் ஒத்தியங்கச் செய்தல் என இத்தனையும் அதனுள் அடங்கியிருக்கின்றன. உலகின் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையே கழியும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டனர். ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வரவே அரை நொடிக்கு மேலாகிறது. கணக்கு இடிக்கிறதல்லவா? எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் விடையைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்பதே இதன் மறைபொருள். பாதிச் செவியால் கேட்டு, பாதி மனத்தால் வாக்கியம் அமைக்கிறோம்.

ஆட்டிசம் உடையோர் பலர்க்கு இவ்விரண்டையும் ஒருசேரச் செய்தல் அரிது. சிலர்க்கு எண்ணம் சொல்லாக வாராமல் படமாகவோ, பல கிளைகள் ஒருங்கே விரிந்த ஒரு முழுமையாகவோ வருகிறது. அதனை ஒற்றையடிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்திக் கொண்டுவர வேண்டும். முதற்சொல் கிடைப்பதற்குள் எண்ணம் பத்துப் படி தாண்டிச் சென்றுவிடும். அல்லது கூடியிருந்தோர் பேச்சு வேறு பொருளுக்கு மாறிவிடும். சுற்றிலும் இரைச்சலும், முகத்தையே நோக்கும் பல கண்களும் சேர்ந்தால் இருக்கும் சொல்லும் மறைந்துபோகும். தமக்கு விருப்பமான பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேச வல்ல ஒருவர், 'சௌக்கியமா?' என்ற கேள்வியின் முன் திகைத்து நிற்பதுண்டு. அதைக் கண்டு 'வேண்டுமென்றே பேசாதிருக்கிறான்' என்று சொல்வாரும் உளர். பேச்சில் தடுமாறும் இவர்களுள் சிலர், தனித்திருந்து எழுதும்போது தெளிந்த நடையில் எழுதுகின்றனர்.

அமெரிக்காவில் 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார்க்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. பிறர் சொல்வது விளங்கியும் மறுமொழி சொல்ல வாய் வராமையால், கத்துவதொன்றே அக்காலத்தில் தமக்கு வழியாயிருந்தது என்று பின்னாளில் எழுதினார். தம் சிந்தனை படங்களால் ஆனது, சொற்கள் தமக்கு இரண்டாம் மொழி போன்றவை என்று 1995இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் பேராசிரியராக விளங்கும் கால்நடைத் துறையும், இறைச்சிக் கூடங்களைச் சார்ந்த அவரது பணியும் நம் வாசகர்க்கு உவப்பானவையல்ல. எனினும் பேச்சுக்கு முன்பே எண்ணம் உள்ளே இருந்தது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகிறது.

இன்னும் பழைய சான்றொன்றும் உண்டு. 11 குழந்தைகளைக் கண்டறிந்து 1943இல் ஆட்டிசத்தை முதன்முதல் விரிவாக வருணித்தவருள் ஒருவர் லியோ கானர் என்னும் மருத்துவர். ஒரு சிறுவன், வாணலி போன்ற பாத்திரத்தைக் காணும்போதெல்லாம் ஒரு குழந்தைப் பாட்டின் இரு சொற்களைச் சொல்வான். பொருளற்ற பிதற்றல் என்றே எவரும் கருதுவர். விசாரித்தபோது, அவனுக்கு 2 வயதாயிருக்கையில் தாய் சமையலறையில் அப்பாட்டைச் சொல்லிக்கொண்டே வேலை செய்ததும், அப்போது அத்தகைய பாத்திரம் ஒன்று கைதவறி விழுந்ததும் தெரியவந்தது. இத்தகைய சொற்களுக்கு அக்குழந்தைகளின் அனுபவத்தில் வேரூன்றிய பொருள் உண்டென்று கானர் 1946இல் எழுதினார். திறவுகோல் தாயிடம் இருந்தது. கேட்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

மௌன விரதம் பூண்ட முனிவரைக் கண்டால் கைகூப்புகிறோம். அவர் உள்ளத்தே சிந்தனை ஓடுவதை நாம் ஐயுறுவதில்லை. விரதம் விரும்பி ஏற்றது. இப்பிள்ளைகளின் மௌனம் தானே வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றெனச் சொல்லமாட்டோம். ஆயினும் முன்னவர்க்குத் தயங்காமல் தரும் மதிப்பில் ஒரு சிறு பங்கையேனும் பின்னவர்க்குத் தர நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

இங்கே மறுபக்கத்து அபாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேசாதவர் ஒவ்வொருவர் உள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறார் என்று நம்புவதும் பிழையே. அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு உடையோர் ஆட்டிசம் உள்ளவர்களிடையே உண்டு. உள்ளே விரைந்தோடும் எண்ணம் இருந்தால்தான் காத்திருப்போம் என்றால், அவர்கள் பாடு என்னாவது? பேராவலினால் விளைந்த கேடும் வரலாற்றில் இருக்கிறது. 1970களில் ஆஸ்திரேலியாவில் தோன்றி 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவிய ஒரு முறையில், உதவியாளர் குழந்தையின் கையைத் தாங்கிப் பிடிக்க, குழந்தை எழுத்துப் பலகையைத் தொட்டு வாக்கியங்கள் அமைத்தது. பெற்றோர் கண்ணீர் மல்கினர். பின்னர்ச் சோதித்தபோது, குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டினர். பலகையில் வந்தது உதவியாளர் கண்ட படத்தின் பெயர்! அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தம் கை தாமே எழுதுவதை அறியாதவர்கள். அம்முறைக்கு அறிவியற் சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் அறிவித்தது. பிறர் வாயில் நம் சொல்லை ஊட்டிவிட்டு அதை அவர் குரலென்று மகிழ்வதும், அவரைப் பேசவிடாமல் தடுப்பதும் பயனில் வேறல்ல. பிள்ளை சொல் தேடும்போதே அன்பினால் வாக்கியத்தை முடித்துவைக்கும் நம் வீட்டுப் பெரியோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

யாரும் கைபிடிக்காமல் தாமே எழுதுவதும், தட்டச்சு செய்வதும், படங்களைத் தொட்டுக் கருத்துரைப்பதும் வேறு. சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்னும் செயலி, தொட்ட படத்தைக் குரலாக்கித் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்ததோடு, பேச்சுக்கு மாற்றான இத்தகைய வழிகளையும் கருத்துப் பரிமாற்றம் என்றே வரையறுக்கிறது. இனி 'வாயால் சொன்னால்தான் ஏற்போம்' என்று பிடிவாதம் செய்வதற்கு நியாயம் ஏது?

இயந்திரம் இல்லாத வீட்டிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டு நாம் பேசாதிருத்தல். விடை வராதபோது, புரியவில்லை போலும் என்று எண்ணி அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்கிறோம். கேட்பவர்க்கோ அது புதிய கேள்வி. பாதி கட்டிய விடையைக் கலைத்துவிட்டு அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.