நீயேவா செஞ்ச?

நான் செய்த பேஸ் கிட்டாரை முதன்முதலாக ஒரு மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நண்பர்கள் கூடியிருந்தார்கள். அன்று மாலை நான்கைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீயேவா செஞ்ச?"

பாராட்டாகத்தான் கேட்டார்கள். ஆனால் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கழுத்துப் பகுதியை நான் செய்யவில்லை, தயாராக விற்பதை வாங்கினேன். மரத்தை அறுத்தவர் ஒரு தச்சர். ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெண். கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு துளைகளைப் போட்டவன் என் நண்பன். அப்படியென்றால் நான் செய்தது எவ்வளவு? "பாதிதான்" என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

அதே மாடியில் இன்னொருவர் தான் புறநகரில் வீடு கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார். யாரும் அவரிடம் "நீங்களேவா கட்டினீங்க?" என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என்னுடைய "பாதிதான்" என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

ஒரு பொருளைச் "செய்வது" என்றால் என்ன? எத்தனை விழுக்காட்டு வேலையை என் கையால் முடித்தால் அதை என்னுடையது என்று சொல்லலாம்? யாரிடம் இந்தக் கணக்கைக் கேட்கிறோம், யாரிடம் கேட்பதில்லை?

தொடங்கியது மரத்தில் இல்லை, தாளில். முதல் பேஸைச் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: முழு அளவில் ஒரு வரைபடம் போடுங்கள். வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே வரும் என்று தெரியும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாக 17 அங்குலத்தில், பாதி நீளத்தில் வந்து நிற்கும். பள்ளியில் எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். சார்ட் பேப்பரில் அந்தப் பன்னிரண்டாவது கோடு பாதியில் வந்து உட்கார்ந்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தை முதல்முறையே செய்யப் போகாதீர்கள். ஃப்ரெட்டுகளை மயிரிழை பிசகாமல் பதிக்க வேண்டும், தந்தியின் இழுப்பைத் தாங்க உள்ளே ஒரு இரும்புக் கம்பியும் வைக்க வேண்டும். அதைத் தயாராக வாங்கி, உடலை மட்டும் செய்து, நான்கு ஸ்க்ரூவில் இரண்டையும் இணைப்பது நல்ல தொடக்கம். இந்த அமைப்பே அதற்கு வசதியானது. 1951இல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்தும் உடலும் தனித்தனியாகச் செய்து ஸ்க்ரூவில் இணைக்கும்படிதான் அமைத்திருந்தார். தொழிற்சாலையில் பலர் வேலையைப் பகிர்ந்து செய்ய ஏற்ற வடிவம் அது.

மரம் வாங்க மரவாடிக்குப் போனேன். தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில்தான் செய்கிறார்கள், அதனால் எனக்கும் பலாதான் வேண்டும் என்று தோன்றியது. நன்றாகக் காய்ந்த பழைய பலகை, ஒன்றே முக்கால் அங்குலக் கனம். கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "சார் வரலியாம்மா?" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனேன். வரைபடத்தை விரித்ததும் அந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "வீணையாம்மா?" "இல்லண்ணே, பேஸ் கிட்டார்." "பலாவுல பண்றீங்க, நல்லாத்தான் கேக்கும்." பெரிய வளைவுகளை அவர் ரம்பத்தில் அறுத்துக் கொடுத்தார். கழுத்து உட்காரும் குழியை நானே உளியில் எடுக்கப் போகிறேன் என்றபோது மறுக்கவில்லை. உளியைத் தீட்டிக் கொடுத்தார். "இழை எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கு எதிரா வெட்டாதீங்க, பிச்சுக்கும்" என்றார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் குழிக்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்தது வீட்டில். கழுத்துக்குத் துளை போட நான் ட்ரில்லை எடுத்தபோது, பார்க்க வந்திருந்த நண்பன் "குடு, நான் போடறேன்" என்றான். கேட்டதுபோலவே தெரியவில்லை, ட்ரில் ஏற்கனவே அவன் கைக்குப் போயிருந்தது. நல்ல மனம் கொண்டவன், வேலையும் சுத்தமாகச் செய்தான். நான்கு துளைகளும் செங்குத்தாக, அழகாக இருந்தன. நான் "தேங்க்ஸ்" சொன்னேன், காபி போட உள்ளே போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது: என் கருவி கூடத்தில் தயாராகிறது, நான் சமையலறையில் நிற்கிறேன்.

அவன் போன பிறகு பிரிட்ஜை நானே பொருத்தினேன், தவறாகப் பொருத்தினேன். தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, அதனால் சுருதி சற்று ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு தந்திக்கும் கணக்கு நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். தடித்த தந்திக்கு இன்னும் கூடுதலாக. பிரிட்ஜில் தந்தி ஏறி உட்காரும் துண்டுகளைப் பின்னால் நகர்த்த முடிவது அதற்காகத்தான். நானோ அந்தத் துண்டுகளைக் கடைசிவரை பின்னால் தள்ளிவைத்து 34 அங்குலம் அளந்துவிட்டேன். பின்னால் நகர இடமே இல்லை. தந்தி கட்டி வாசித்தபோது மேலே போகப் போக சுருதி விலகியது. ஐந்து ஸ்க்ரூ துளைகளையும் மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, தள்ளி மறுபடி துளைத்தேன்.

அந்த அடைத்த துளைகளில் ஒன்று பிரிட்ஜுக்கு வெளியே இன்றும் தெரிகிறது. நண்பன் போட்ட நான்கு துளைகள் கச்சிதமானவை. ஆனால் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. நான் பிசகிய ஐந்து துளைகளும் என்னுடையவை. ஏன் பிசகியது என்று எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்ததும் நான்தான்.

உதவி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்று அப்போது புரிந்தது. ஒன்று, உளியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது. இன்னொன்று, கையிலிருந்து ட்ரில்லை வாங்கிக்கொள்வது. முதலாவது முடியும்போது உங்களுக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்கும். இரண்டாவது முடியும்போது வேலை முடிந்திருக்கும், அவ்வளவுதான். பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே தாராளமாகக் கிடைப்பது இந்த இரண்டாவது உதவி. அது அன்பாக வருவதால் மறுக்கவும் முடிவதில்லை. தவறு செய்யும் வாய்ப்பைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. தவறு செய்யாதவளால் கற்றுக்கொள்ளவும் முடியாது.

கடைசி வேலை மின்சாரம். பேஸில் அது எளிது: பிக்கப், ஒலியளவுக்கும் தொனிக்கும் இரண்டு திருகு குமிழ்கள், ஒரு மின்தேக்கி, ஒரு ஜாக். ஆனாலும் என் ஈயம் உருண்டையாகத் திரண்டு உதிர்ந்துகொண்டே இருந்தது. படியில் ஏறிக்கொண்டிருந்த கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்று பார்த்தாள். "அக்கா, ஈயத்தைச் சுடாதீங்க. கம்பியைச் சூடாக்குங்க. ஈயம் தானா ஓடும்" என்றாள். ஓடியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் திருமணம் வரை வேலை பார்த்திருக்கிறாள். இரண்டு வருடமாகப் பழக்கம், இது எனக்குத் தெரியாது. "கம்பெனிக்குப் போய்ட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவளே அதை ஒரு தொழில் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இங்கேதான் நான் லியோ ஃபெண்டரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் உலகம் அந்தக் கருவியை அவர் பெயரால் அழைக்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. அவருடைய கலிஃபோர்னியத் தொழிற்சாலையில் அந்தச் சுற்று வேலையைச் செய்தவர்களில் பெண்கள் பலர். 1956இல் அங்கே சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண், 2013இல் ஓய்வு பெறும்வரை பிக்கப் சுற்றினார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவர் பெயரைச் சொல்லி இசைக் கலைஞர்கள் அந்தப் பிக்கப்புகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஆண் தனியாகச் செய்தால் அது மேதைமை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்தால் அது விரல் நுணுக்கம், இயற்கையாகவே வருவது, கற்றது அல்ல. நம் ஊரில் சமையலுக்குக் "கைப்பக்குவம்" என்ற சொல்லை எவ்வளவு பெருமையாகச் சொல்கிறோம்! அறிவைக் கையில் வைத்துவிட்டால் தலைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. வீணை வாசிக்கும் பெண்ணை நாட்காட்டியில் தெய்வமாக மாட்டுகிறோம். வீணைக்குப் பலா மரத்தைக் குடையும் பெண்ணை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அப்படியானால் "யாரும் எதையும் தனியாகச் செய்வதில்லை, எல்லோரும் சேர்ந்துதான்" என்று சொல்லிவிடலாமா? உண்மைதான். ஆனால் இந்த உண்மையைப் பெண்களிடம் மட்டும் அவசரமாகச் சொல்வார்கள் என்பதும் உண்மை. வீடு, குடும்பம், நிறுவனம் என்று "நாம்" என்ற சொல்லுக்குள் எத்தனை பெண்களின் உழைப்பு பெயரில்லாமல் கரைந்திருக்கிறது! "நான் மட்டும்" என்பது ஒரு பொய். "எல்லோரும்தான்" என்பது பல நேரங்களில் இன்னொரு பொய். என்னுடைய "பாதிதான்" இந்த இரண்டாவது பொய்யின் அடக்கமான வடிவம்.

என் பங்கிலும் ஒரு குற்றம் இருக்கிறது. தச்சர் அண்ணனிடம் மூன்று முறை போயிருக்கிறேன். கூலி கொடுத்தேன், அண்ணே என்றேன், பெயர் கேட்கவில்லை. தச்சு அவருக்குச் சாதியோடு வந்த தொழில். எனக்கோ அது ஞாயிற்றுக்கிழமை ஆசை. நான் செய்தால் அதைப் பற்றிக் கட்டுரை எழுதலாம், அவர் செய்தால் அது கூலி வேலை. நான்காவது முறை போய்ப் பெயர் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் பி.காம். படிக்கிறாளாம். உளி பிடித்திருக்கிறாளா என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா?" என்றார். அவர் எதிரில் மரத்தூள் படிந்த கையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி என் கையைப் பார்த்தார்.

பள்ளியில் இலக்கண வகுப்பில் ஏகாரத்துக்குப் பல பொருள் உண்டு என்று படித்தோம். பிரிநிலை ஏகாரம் ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். தேற்ற ஏகாரம் ஒன்றை உறுதியாகச் சொல்லும். "நீயேவா செஞ்ச?" என்று கேட்பவர்கள் பிரிநிலையில் கேட்கிறார்கள்: வேறு யாரும் இல்லாமல், நீ மட்டுமா? அந்தத் தேர்வில் நான் தேற மாட்டேன். யாருமே தேற மாட்டார்கள், எல்லோரையும் அந்தத் தேர்வுக்கு உட்காரவைப்பதில்லை என்பதுதான் வேறுபாடு. ஒரு பொருளைச் செய்தவள் என்றால், அதில் முடிவுகளை எடுத்தவள், அதன் பிழைகளுக்குப் பதில் சொல்லக்கூடியவள், தனக்குக் கைகொடுத்தவர்களின் பெயர் தெரிந்தவள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் முழுமையாகாது.

கழுத்தைக் கழற்றினேன். 1950களில் ஃபெண்டர் தொழிற்சாலையில் கழுத்தின் அடிப்பக்கத்தில், உடலுக்குள் மறையும் இடத்தில், தொழிலாளர்கள் பென்சிலால் முதலெழுத்தும் தேதியும் எழுதிவைப்பது வழக்கம். அந்த இடத்தில் தச்சரின் பெயரை எழுதினேன். கீழ்வீட்டுப் பெண்ணின் பெயரையும் எழுதினேன். நான்கு துளைகளுக்காக நண்பனின் பெயரையும். பிறகு யோசித்தேன், மறைந்த இடத்தில் எழுதுவதும் பழைய வழக்கம்தானே? முதல் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் பெயர்களை உடலின் பின்பக்கத்தில், பளபளப்புப் பூச்சுக்கு அடியில், தெரியும்படி எழுதினேன். கீழ்வீட்டுப் பெண் தன் பெயரைத் தானே எழுதினாள். கடைசியில் என் பெயர்.

அடுத்த முறை அதை வாசிக்க எடுத்துப்போனபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். "நீங்களேவாக்கா செஞ்சீங்க?"

"நானேதான்" என்றேன். தேற்ற ஏகாரம். கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன்.